லிங்கன் விஷயத்தில் வரிசை தலைகீழ்
பின்னாளில் அமெரிக்க அதிபரான ஆபிரகாம் லிங்கன், வக்கீலாகப் பெயரெடுத்த பிறகே இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார் என்கிறது அவரைப் பற்றிய ஒரு கட்டுரை. நடந்தது நேர்மாறு. 1832இல் தோற்று 1834இல் வென்றபோது அவர் நியூ சேலம் என்ற சிற்றூரில் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொண்டு, நிலமும் அளந்துகொண்டிருந்தார். சட்டம் படிக்கத் தூண்டிப் புத்தகங்களை இரவல் கொடுத்ததே சக உறுப்பினர் ஜான் ஸ்டூவர்ட்தான். வக்கீல் உரிமம் கிடைத்தது 1836 செப்டம்பரில். அதற்கு முந்தைய மாதமே இரண்டாம் முறையும் வென்றுவிட்டார். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் அவரைச் சட்டக் கல்லூரி மாணவராக்கியிருக்கிறார். பாவம், லிங்கன் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். இன்னொன்று: மாநிலத் தலைநகரை வண்டேலியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்ற 1837இல் முன்னின்று வேலை செய்தார். அதே ஆண்டு அந்த ஊருக்கே குடிபெயர்ந்து, ஸ்டூவர்ட்டுடன் கூட்டாக வக்கீல் தொழிலும் தொடங்கினார். கட்டுரையாளர் இதை எப்படித் தவறவிட்டார்?