ஏரிக்கரையிலிருந்து தொடங்க வேண்டிய சிவில் பாடம்

சிவில் பொறியியல் மாணவர்கள் கடைசிப் பருவத்தில் செய்யும் புராஜெக்டுகளின் தலைப்புகளைப் படித்தாலே, அந்தப் படிப்பில் எது விடுபட்டுப்போயிற்று என்பது விளங்கிவிடும். சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதில் சாம்பல், மணலில் ஒரு பங்குக்குப் பதில் கிரானைட் தூள், 150 மி.மீ. கான்கிரீட் கியூப், 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்த்த வலிமை என்று ஆண்டுதோறும் அதே வேலை நடக்கிறது. கலவையின் சதவீதம் மட்டும் மாறுகிறது. ஆய்வகப் பயிற்சியாக இதில் குறையொன்றும் இல்லை. ஆனால், ஒரு பொறியாளர் தானே எடுத்து, தானே பதில் சொல்ல வேண்டிய முடிவு எதுவும் இதில் இல்லை. (பைண்டிங் செய்த அறிக்கையையே விலைக்கு வாங்கிவருவோரைப் பற்றி நான் பேசவே வரவில்லை.)

தருமபுரியில் கட்டுமானத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்து இதுதான்: புராஜெக்ட் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும், அதற்கான கேள்வி கல்லூரி இருக்கும் மாவட்டத்திலிருந்தே வர வேண்டும்.

பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையை எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு, அங்கே ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஒரு சதுர கிலோமீட்டரில் மட்டும் அது 5 லட்சம் கன மீட்டர் நீர். அந்த வட்டாரத்தில் 8 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்புள்ள ஓர் ஏரியின் கலிங்கல் (உபரி நீர் வழிந்து வெளியேறும் அமைப்பு) போதுமான நீளம் உள்ளதா என்று சரிபார்க்கும்படி மாணவர்களிடம் சொன்னால், அவர்கள் முதலில் தேடிப்போவது, உச்ச வெள்ளத்தின் அளவைக் கணிக்க நம் மாநிலத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் ரைவ்ஸ் சூத்திரத்தைத்தான்: நீர்ப்பிடிப்பின் பரப்பை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, ஒரு கெழுவால் பெருக்குவது. உள்நாட்டுப் பகுதிக்குக் கெழு 8.5, மலையை ஒட்டிய சிறு பரப்புக்கு 10.2. முதலாவதை எடுத்தால் வினாடிக்கு 34 கன மீட்டர், இரண்டாவதை எடுத்தால் 40.8. கலிங்கலின் மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நீர் வழியலாம் என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்குக்கு 20 மீட்டர் நீளம் போதும். இரண்டாவதற்கு 24 மீட்டர் வேண்டும்.

தேர்வுத் தாளில் கெழுவைக் கேள்வியே கொடுத்துவிடும். களத்தில் யாரும் கொடுக்க மாட்டார்கள். ஜவ்வாது மலைச் சரிவு எவ்வளவு தொலைவு, மேலே உள்ள ஏரிகள் முன்பே நிரம்பியிருந்தனவா, வரத்துக் கால்வாயில் எத்தனை இடங்களில் ஆக்கிரமிப்பு, ஏரி கோடி போகும்போது (நிரம்பி வழியும்போது) நீர் யார் வயலுக்குள் பாய்கிறது என்பதையெல்லாம் நடந்து பார்த்து, ஆயக்கட்டு விவசாயிகளிடம் கேட்டு, மட்டக்கருவியை வைத்து அளந்த பிறகுதான், அந்த 4 மீட்டர் வேண்டுமா என்று வாதிட முடியும். நீரியலும் சர்வேயும் மண் இயக்கவியலும் எஸ்டிமேட்டும் தனித்தனிப் பாடங்களாக இல்லாமல், ஒரே வேலையின் பகுதிகளாக அங்கேதான் தெரியவரும்.

இத்தகைய கேள்விகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. தொப்பூர் கணவாயின் இறக்கமும் விபத்துகளும், ஒகேனக்கல் குடிநீர் வந்த பிறகும் ஆழ்துளைக் கிணறுகளில் இருக்கும் ஃபுளோரைடு, 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் ஷட்டர் உடைந்தது என ஒவ்வொன்றும் ஒரு பருவத்துக்கான பாடம்.

டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கியது முதலே புராஜெக்டை மையமாக வைத்துப் பாடம் நடத்துகிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியும் என்று நான் நினைக்கவில்லை. 60 பேர் கொண்ட வகுப்பை ஓரிரு ஆசிரியர்கள் ஏரிக்கு அழைத்துச் செல்வதும், அதற்கு அனுமதி வாங்குவதும் எளிதல்ல. மேலும், கட்டமைப்புப் பகுப்பாய்வைக் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பழகாமல் எவராலும் கற்க இயலாது; எல்லாவற்றையும் புராஜெக்டாக்குவோம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பருவத்துக்கு ஒரு பாடத்தை மட்டும் இப்படி நடத்தினாலே போதும்.

மதிப்பெண் முறையில்தான் கண்டிப்பு வேண்டும். அணியில் ஒருவர் உழைக்க மற்றவர்கள் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்வதைத் தடுக்க, ஒவ்வொருவரின் களக்குறிப்பேட்டையும் தனியே திருத்தி, வைவாவில் அவரவர் எடுத்த அளவைப் பற்றியே கேட்க வேண்டும். அடுத்த ஆண்டு வருபவர்களுக்குப் புது ஏரி தரக் கூடாது. அதே ஏரியில் முந்தைய அணியின் மட்டங்களை மீண்டும் எடுத்து, பிழை இருந்தால் எழுத்தில் காட்டி, அங்கிருந்து வேலையைத் தொடர வேண்டும்.