யாரு நடக்குறாங்கன்னு கேட்டீங்களே

போன வாரக் குறைகேட்புக் கூட்டத்து வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்கும் மணலிக்கும் நடந்து போக ஒழுங்கான பாதை வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார். மேடையிலிருந்து வந்த பதில் ஒரே வரி. "அங்கெல்லாம் யாருங்க நடக்குறாங்க?" சொன்னவர் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பெரியவர் கையிலிருந்த மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்பைக்கூட மறந்துவிடலாம். அவர் மனுவை மடித்ததுதான் நாலு நாளாக நெஞ்சில் நிற்கிறது.

நடக்கிறார்கள் ஐயா. தினமும் நடக்கிறார்கள்.

ஏழுகிணறு வீராசாமி தெருவில் குடியிருந்த காலத்தில் வள்ளலார் திருவொற்றியூருக்கு நடந்தே வந்து போனார். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு வடசென்னையிலிருந்து செங்குன்றம், காரனோடை, ஜனப்பன்சத்திரம் வழியாகப் பெரியபாளையத்துக்கு நடக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடக்கிறார்கள். பௌர்ணமியன்று காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூவரையும் பார்க்கும் வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. அந்த மூன்று கோயிலையும் ஒரு கோட்டில் இணைத்துப் பாருங்கள். வடசென்னையையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் இணைக்கிற நடைவழி தானாகத் தெரியும்.

பக்திக்காக நடப்பதை விடுங்கள். பிழைப்புக்காக நடப்பவர்களைச் சொல்கிறேன். காசிமேட்டில் விடியலுக்கு முன்பே ஏலம் எடுத்த மீனை அன்னக்கூடையில் ஐஸோடு அடுக்கி, தலையில் சும்மாடு வைத்து நடந்து வருகிற அக்காக்கள் எத்தனை பேர்! கூடையின் கனம் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. எங்கள் பக்கம் வருகிற ஒரு அக்கா பிளாட்பாரத்திலிருந்து இறங்குவதை ஒரு தடவை நின்று பாருங்கள். கூடை தலையில் இருப்பதால் குனிந்து தரையைப் பார்க்க முடியாது. நின்று, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இடது காலை மட்டும் கீழே நீட்டித் தரையைத் தேடுகிறார். பெருவிரல் தரையில் பட்ட பிறகுதான் எடையை மாற்றுகிறார். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் காதோரம் வழிகிறது, துடைக்கக் கை இல்லை. இப்படி நாலு வீட்டு வாசலில் ஏறி இறங்கிய பிறகு, ஐந்தாவது வீட்டில் பிளாட்பாரமே வேண்டாம் என்று ரோட்டில் இறங்கிவிடுகிறார். அதைப் பார்த்துவிட்டு "பிளாட்பாரம் போட்டாலும் இவங்க அதுல நடக்கறதில்ல" என்கிறார்கள்.

ஏன் நடப்பதில்லை என்பதற்குக் காரணம் அளவில் இருக்கிறது. பாதசாரிகளுக்கான வசதிகள் பற்றி, சாலைகளுக்கான அளவுகளை வகுக்கிற இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நடப்பதற்கான தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். விளிம்புக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது அரை அடி. நம் பக்கம் செய்வது வேறு. மழைநீர் வடிகால் கட்டுவார்கள், அதன் மேல் சிமெண்ட் பலகை போட்டு மூடுவார்கள், அந்த மூடியையே நடைபாதை என்று கணக்கில் எழுதிக்கொள்வார்கள். வடிகாலின் உயரம் தண்ணீருக்காகக் கணக்கிட்டது. மனிதன் கால் வைக்கிற உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால் ஒரு இடத்தில் முக்கால் அடி, அடுத்த இடத்தில் ஒன்றரை அடி. வீட்டு வாசலில் பைக் ஏற்றச் சரிவு போடும்போது அந்த இடம் மட்டும் சாய்ந்துவிடும். அதன் நடுவில் ஈ.பி. பில்லர் பெட்டி ஒன்றும் விளக்குக் கம்பம் ஒன்றும் நிற்கும். 1.8 மீட்டரில் மிச்சம் எவ்வளவு என்று நாடா வைத்துப் பாருங்கள். உடம்பை ஒருக்களித்துக்கொண்டு போகிற அளவுதான் இருக்கும்.

நான் சொல்வது இதுதான். வழி இருக்கிறது. அறுந்திருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், அறுந்த இடத்தை ஒட்டினால் போதும்.

எங்கே அறுகிறது என்றும் சொல்கிறேன். ராயபுரத்திலிருந்து காசிமேடு வழியாகத் திருவொற்றியூர் தேரடி வரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேர நடை. அங்கிருந்து எண்ணூர்க் கரையிலுள்ள தாழங்குப்பம் இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம். நேர்ப்பாதை, மேடு பள்ளம் கிடையாது. நடப்பதற்கு இதைவிட நல்ல நிலம் சென்னையில் இல்லை. ஆனால் எண்ணூர் விரைவுசாலையின் இடது ஓரத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. நாற்பது அடிப் பெட்டியே 12 மீட்டர், முன்னால் இழுக்கிற வண்டியையும் சேர்த்தால் 16 மீட்டர் பக்கம் வரும். இரண்டு லாரிக்கு நடுவில் ஆள் புக இடம் விட மாட்டார்கள். எனவே நடப்பவர் லாரிக்கு வலப்பக்கம், ஓடுகிற வண்டிகளோடு நடக்க வேண்டியிருக்கிறது. முகப்பிலிருந்து கடைசிச் சக்கரம் வரை ஒரு லாரியைத் தாண்டவே பதினைந்து விநாடி ஆகும். இருபது லாரி என்றால் ஐந்து நிமிடம் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் நடை.

இதைவிட ஆபத்து திருப்பங்களில் இருக்கிறது. டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். கேபினை ஒட்டி இடப்பக்கம் நிற்கிற ஆள் அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே சந்திப்பின் மூலையில், லாரிக்கு இடப்பக்கம், சாலை விளிம்பில் எப்போதும் நிற்காதீர்கள். நன்றாகப் பின்னால் தள்ளி நில்லுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். மணலிப் பக்கம் எம்.எப்.எல். (மெட்ராஸ் உரத் தொழிற்சாலை) சந்திப்பிலும் ஆண்டார்குப்பம் சந்திப்பிலும் இது ரொம்ப முக்கியம்.

சிக்னல் கணக்கும் உண்டு. நாலு தடம், தடத்துக்கு 3.5 மீட்டர் என்றால் 14 மீட்டர். நல்ல உடம்புக்காரர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார், 12 விநாடியில் தாண்டிவிடுவார். கூடையோடு வருகிற அக்காவுக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் விநாடிக்கு 0.8 மீட்டர் என்று வைத்தாலே 18 விநாடி ஆகிறது. பச்சை 12 விநாடிதான் என்றால், அவர் நடுச்சாலையில் நிற்கும்போதே வண்டிகள் கிளம்பிவிடும். "நடை மேம்பாலம் கட்டித் தர்றோம்" என்பார்கள். லாரி போகிற சாலைக்கு மேல் ஆறு மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்றால், அரை அடிப் படியில் நாற்பது படி. ஏறி நாற்பது, இறங்கி நாற்பது. தலையில் பதினைந்து கிலோவோடு யார் ஏறுவார்கள்? கட்டுகிற காசில் தரையிலேயே மேடான கிராசிங் போட்டு, நடுவில் நிற்க ஒன்றரை மீட்டர் திட்டு வைத்தால் போதும்.

மேற்கே மணலிக்குப் போகிற வழி சிறியது, ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற நடை. ஆனால் ரயில் பாதையையும் பக்கிங்காம் கால்வாயையும் தாண்ட வேண்டும். மாணிக்கம் நகர் சுரங்கப்பாதை மழையில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர் நின்றால் தண்டவாளத்தில்தான் ஏறுகிறார்கள்.

தண்டவாளம் என்றதும் அடுத்த வழி வந்துவிடுகிறது. எண்ணூருக்கு வடக்கே கொசஸ்தலை ஆற்றைத் தாண்டி, அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர். ரயில் பாதையை ஒட்டியே நடக்கிறார்கள். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அது குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ 1000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. தெரிந்தும் ஏன் நடக்கிறார்கள்? அது நேராகப் போகிறது, அதில் லாரி வராது. ஆனால் கடல்காற்று எதிரே அடித்தால் மின்சார ரயில் வருகிற சத்தம் காதில் விழாது. ஒரு ரயில் போனதும் கடப்பவர், மறுதடத்தில் எதிரே வருவதைப் பார்ப்பதில்லை. தயவுசெய்து நடக்காதீர்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். வேலிக்கு வெளியே ஒரு ஒன்றரை மீட்டர் பாதை போட்டுக் கொடுத்தால் யாரும் தண்டவாளத்துக்குப் போக மாட்டார்கள் என்றும் சேர்த்தே சொல்கிறேன்.

"மெட்ரோ வந்துடுச்சே, இன்னும் என்ன நடை?" என்று கமெண்டில் ஒரு தம்பி கேட்டிருந்தான். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்தது, சந்தோஷம்தான் தம்பி. எண்ணூருக்கும் மணலிக்கும் அது வரவில்லையே. வந்த இடத்திலும் ஸ்டேஷன் வாசல் வரை நடந்துதானே போக வேண்டும்?

"லாரியை நிறுத்தினா துறைமுகம் எப்படி ஓடும்?" இது நியாயமான கேள்வி. லாரி ஓட்டுகிறவனும் நம் வீட்டுப் பிள்ளைதான். அவனும் கழிப்பறை இல்லாமல், தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில் வரிசையில் கிடக்கிறான். லாரியை எடு என்று யாரும் கேட்கவில்லை. லாரிக்கும் நமக்கும் நடுவில் அரை அடி உயரத்தில் ஒரு விளிம்புக்கல்தான் கேட்கிறோம்.

கடை ஆக்கிரமிப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆமாம், அதையும் எடுக்க வேண்டும்.

ஆனால் அந்த இன்னொரு கமெண்ட் இருக்கிறதே. "குப்பத்து ஆளுங்க ரோட்ல வலை காயப்போடுவாங்க, மீன் காயப்போடுவாங்க, இவங்களுக்கு எதுக்கு நடைபாதை?" அதை எழுதியவர் தென்சென்னைக்காரராக இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கட்டும். எங்களுக்கும் மணல் இருந்தது. குப்பத்திலிருந்து குப்பத்துக்குக் கடலோர மணலில்தான் நடந்து போவோம், வலையும் அங்கேதான் காயும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டிக் கடலுக்குள் கல் போட்டார்கள். வருஷத்தில் பெரும்பாலான மாதம் இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகக் கல் அதை மறித்தது. தெற்குப் பக்கம் தேங்கி மெரினா அகன்றது, வடக்குப் பக்கம் அரித்தது. நீங்கள் சாயங்காலம் சுண்டல் தின்றுகொண்டு நடக்கிற மணல் எங்கள் கரைக்கு வந்து சேர வேண்டிய மணல். எங்களுக்கு மிஞ்சியது கருங்கல் சுவர். கல்லின் மேல் நடக்க முடியாது, வலை போட்டால் கிழிந்துவிடும். பிறகு ரோட்டில் போடாமல் எங்கே போடுவது?

அனல்மின் நிலையச் சாம்பல் எங்களுக்கு. கொடுங்கையூரில் குப்பை எங்களுக்கு. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் முகத்துவாரத்துக்கு வந்தபோது படகும் வலையும் கறுத்துப் போயின. அப்போதெல்லாம் இங்கே ஆட்கள் இருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. நடக்கப் பாதை கேட்டால் மட்டும் "யாரு நடக்குறாங்க?"

காசு இல்லை என்றும் சொல்லக் கூடாது. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையைச் சென்னை மாநகராட்சி ஏற்றது 2014இல். போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் இருக்கிறது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி எல்லாம் 2011லேயே மாநகராட்சியோடு சேர்ந்தாகிவிட்டது, வரியும் கட்டுகிறோம். நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவின் கீழ் வருகிற உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்தப் பெரியவர் கேட்டது சலுகை இல்லை.

நிழல் இல்லாமல் பாதை போட்டும் பயனில்லை. உப்புக்காற்றில் பூவரசும் புன்னையும் நிற்கும். அலங்காரத்துக்குக் கொண்டுவந்து நடுகிற செடிகள் அந்தக் காற்றில் கருகிவிடும். விளக்கு வைத்தாலும் உயர்கம்பம் சாலைக்குத்தான் வெளிச்சம் தரும், நிற்கிற லாரிகளின் நிழல் நடைபாதையில்தான் விழும். விடியற்காலை நாலரைக்கு வருகிற பெண்களுக்குத் தாழ்வான கம்பத்தில் தனி விளக்கு வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் பெரியவரோடு நாமும் போகிறோம். அதற்கு முன் ஒரு வேலை. நீங்கள் தினமும் நடக்கிற வழியில் எந்த இடத்தில் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது, அது சாலைக்கு எந்தப் பக்கம், படி எத்தனை அங்குலம், மிச்ச அகலம் எத்தனை அடி, எத்தனை மணிக்கு லாரி நிற்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். தையல் நாடா இருந்தால் அதை வைத்து அளந்து போட்டோ எடுங்கள், நாடாவின் எண் தெரிகிற மாதிரி. காசிமேட்டிலிருந்து தொடங்கி வடக்கே முகத்துவாரம் வரை வரிசைப்படுத்தி எழுதிக்கொள்கிறேன். எர்ணாவூர் சுனாமி குடியிருப்புப் பக்கத்து ஆட்கள் யாரும் இன்னும் எழுதவில்லை, உங்கள் பகுதி விட்டுப்போகக் கூடாது.