பிருந்தாம்மா சொல்லிக்கொடுத்த பாட்டு

போன மார்கழியில் ஒரு சபாவில் சகானா ராகத்தில் க்ஷேத்ரக்ஞர் பதம் ஒன்றை, நிதானமாக நகரும் அந்தத் தெலுங்குக் காதல் பாட்டை, பாடினார்கள். ராகம், தாளம், இயற்றியவர் பெயர் எல்லாம் அறிவித்தார்கள். அது யார் வீட்டுப் பாடம் என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு மனம் ஆறவில்லை. பதங்களை இத்தனை பேர் வாயில் ஏற்றிவிட்டுப் போன பாடகி டி. பிருந்தாவை மேடையில் ஒரு வார்த்தை நினைக்கக் கூடாதா?

1912இல் பிறந்தவர், வீணை தனம்மாளின் பேத்தி. பதமும், அதைவிடத் துள்ளலான காதல் பாட்டான ஜாவளியும் அந்த வீட்டின் அன்றாடப் புழக்கம். அது போதாதென்று காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் அனுப்பிவைத்தார்கள். லயத்தில் அவருக்கு நிகர் அவர்தான். அப்படிப்பட்டவரிடம் தாளக் கணக்கெல்லாம் கற்றவர், பிற்காலத்தில் தங்கை முக்தாவோடு பாடும்போது அதைப் பறைசாற்றிக்கொண்டதே இல்லை. கைதட்டலுக்காக ஒரு சங்கதியை, ஒரே வரியை அலங்கரித்து மாற்றிப் பாடுவதை, நீட்டியதும் இல்லை. சபாக்கள் நிரம்பி வழியாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த அடக்கம்தான் எனக்குப் பெரிய வித்தையாகத் தெரிகிறது.

அவருடைய பதிவு ஒன்றைக் கேட்டு, பென்சிலும் நோட்டுமாக ஸ்வரப்படுத்த உட்கார்ந்தேன். 'க ம ரி' என்று மூன்று எழுத்து எழுதிவிட்டேன். திரும்பக் கேட்டால், காந்தாரம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மத்யமத்தைத் தொட்டும் தொடாமலும் அசைந்து, ரிஷபத்தில் வந்து அமர்கிறது. அந்த அசைவுக்கு என் நோட்டில் எழுத்தே இல்லை. பத்து முறை அழித்து எழுதினேன், தாள் கிழிந்ததுதான் மிச்சம். அவர் ஏன் வாய்ப்பாடமாகவே சொல்லிக்கொடுத்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரு ராகப் பிடி காதில் ஏறி, தொண்டையில் இறங்கி, பிசகாமல் நிற்கும்வரை குருவும் சிஷ்யையும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தச் சங்கீதத்துக்கு வேறு குறுக்குவழி கிடையாது.

பிருந்தா பிறந்த தேவதாசிக் குலத்துப் பெண்களை ஊர் ஏசிய காலம் அது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்து, கோயிலில் அவர்கள் ஆடுவதும் நின்றது. ஆனால் பாட்டு எல்லோருக்கும் வேண்டியிருந்தது. செம்மங்குடி, ராம்நாட் கிருஷ்ணன் போன்ற வித்வான்களே பதம் கற்க இவரைத்தான் தேடிவந்தார்கள். அடுத்த தலைமுறையில் அருணா சாய்ராம், சித்திரவீணை ரவிகிரண் என்று வரிசை நீள்கிறது. கடல் கடந்து சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். வைத்திருந்ததை வைத்துக்கொண்டு அவர் வாசற்கதவைச் சாத்தியிருந்தால் யார் குறை சொல்லியிருக்க முடியும்? அவர் சாத்தவில்லை. ஆனால் மலிவாகவும் கொடுத்துவிடவில்லை, சரியாகப் பாடும்வரை விடமாட்டார் என்றுதான் அவரிடம் கற்றவர்கள் நினைவுகூர்கிறார்கள்.

1976இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. 1996இல் மறைந்தார்.

'தனம்மாள் பாணி' என்று ரசிகர்கள் சொல்லும்போது எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கும். பாட்டியின் பெயரில் பேத்தியின் உழைப்பு மறைந்துபோகிறது. தனம்மாள் 1938இலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ஒவ்வொரு சிஷ்யையாக, ஒவ்வொரு வரியாக அந்தப் பாணியை நம் காலம்வரை கொண்டுவந்து சேர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் பிருந்தாம்மா. பதம் பாடுகிறவர்களே, வரும் மார்கழியில் ராகத்தோடு தாளத்தோடு அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.