டிட்லிஸில் விரித்திருப்பது போலிப் பனியா?

சுவிட்சர்லாந்தின் டிட்லிஸ் மலையில் வெள்ளைத் துணி விரித்திருக்கும் படத்தைக் காட்டி, "கோடையில் அங்கே பனியே கிடையாது, துணியைப் பனி என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது.

துணி விரிப்பது உண்மைதான். காரணம் வேறு. வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைச் செயற்கை இழைத் துணி அது. அடியில் இருக்கும் பனி உருகும் வேகம், மூடிய இடத்தில் மட்டும், ஏறக்குறைய பாதியாகக் குறையும். பனியே இல்லையென்றால் எதை மூடுவது?

மலையடிவார ஊரான எங்கல்பெர்க்கிலிருந்து கேபிள் காரில் ஏறி, கடைசிக் கட்டத்தில் சுழலும் பெட்டிக்கு மாறினால் சுமார் 3,020 மீட்டர் உயரத்தில் இறங்கலாம். பனியாற்றைக் குடைந்த குகை அங்கேயே இருக்கிறது. ஜூலையிலும் உள்ளே பூஜ்ஜியத்துக்குக் கீழேதான் குளிர், ஸ்வெட்டர் அவசியம். சந்தேகப்படுபவர்கள் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம்.

"துணி போர்த்திப் பனியாற்றையே காப்பாற்றிவிட்டார்கள்" என்று எதிர்ப்பக்கம் பரவுவதும் மிகைதான். மூடுவது சிறு பகுதியை மட்டுமே. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் பனியில் சுமார் 10 சதவீதத்தை இழந்தன.