வியர்க்காத உடம்புக்குத் தண்ணீர் பாட்டில் போதாது

நீண்ட தூரம் ஓடுகிறவர்களும் சைக்கிள் மிதிக்கிறவர்களும் கூடுகிற இடத்தில் வெயில் பேச்சு வந்தால் ஒரே பதில்தான்: "தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க, ஒண்ணும் ஆகாது." வியர்வை சரியாக வராதவர்களுக்கு இந்த அறிவுரை பாதிகூட உதவாது. சில நேரம் வீண் தைரியத்தைக் கொடுத்து மாட்டிவிடும்.

எனக்கு முதுகிலும் தொடைகளிலும் தீக்காயத்துக்குப் பிறகு வைத்த ஒட்டுத்தோல். அதில் வியர்வைச் சுரப்பி வேலை செய்யாது. ஓடி முடித்துப் பனியனைக் கழற்றினால் முன்பக்கம் பிழியலாம். முதுகுப் பக்கம் இஸ்திரி போட்டு எடுத்தது மாதிரி இருக்கும். பின்னால் வருகிறவர்கள் "உங்களுக்கு வியர்க்கவே இல்லையே, செம ஸ்டாமினா" என்பார்கள். பாராட்டாம்!

தசை எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டத்துக்கு உதவுகிறது. மற்றதெல்லாம் சூடு. 1 லிட்டர் வியர்வை தோலிலேயே முழுசாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியே போகும். தரையில் சொட்டுகிற வியர்வையால் பயனில்லை, வயிற்றுக்குள் போன தண்ணீரும் அந்த வேலையைச் செய்யாது. வியர்க்காதவர் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், அது தனி ஆபத்து.

இது என்னோடு போகிற கதையும் இல்லை. பிறவியிலேயே சுரப்பி குறைந்தவர்கள், தண்டுவடத்தில் அடிபட்டவர்கள், நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு கெட்டவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். அப்புறம் மாத்திரைகள். வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தருகிற டோபிரமேட், சிறுநீர்ப்பைக்குத் தருகிற ஆக்ஸிபியூட்டினின், தூக்கம் வரவைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் எல்லாமே வியர்வையைக் குறைக்கக்கூடியவை. இவற்றை எழுதிக் கொடுக்கும்போது "ஓடுற பழக்கம் உண்டா?" என்று கேட்ட மருத்துவரை நான் இதுவரை பார்க்கவில்லை. பந்தயப் படிவங்களிலும் ரத்த வகைக்கு இடம் உண்டு, வியர்வைக்கு இல்லை. ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, ஓடவே கூடாதா? ஓடலாம், தண்ணீரை வெளியே பயன்படுத்த வேண்டும். கழுத்துத் தண்டுவடம் பாதித்த சக்கர நாற்காலி ரக்பி வீரர்கள் இடைவேளையில் உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொள்வது இதற்காகத்தான். நனைத்த சட்டை, ஸ்பிரே, எதிர்க்காற்று மூன்றும் சேர்ந்தால் ஓரளவுக்கு வியர்வையின் வேலையைச் செய்யும். புழுக்கமான நாளில் தெளித்த தண்ணீரும் காயாது, அன்றைக்கு நான் நடையோடு நிறுத்திக்கொள்வேன். விசிறி இல்லாத அறையில் ட்ரெட்மில் ஓடுவதும் பாதுகாப்பு இல்லை, அங்கே காற்றே அடிக்காது. "ரெண்டு வாரம் வெயில்ல ஓடுங்க, பழகிடும்" என்பதும் எங்களுக்கு அவ்வளவாகப் பலிக்காது. அந்தப் பழக்கத்தில் பெரும்பங்கு வியர்வை கூடுவதுதானே.

கூட ஓடுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் தள்ளாடினால், உளறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். நெற்றியில் காட்டுகிற தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், குறைத்துக் காட்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்குங்கள், தலையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்க மாற்றி மாற்றிப் போட்டு, விடாமல் விசிறுங்கள்.