செக்கடிக்குப் போகாமல் எண்ணெய் விளம்பரம் எழுதாதீர்கள்

புத்தூர், நகரி, திருத்தணி வட்டாரத்துச் சின்ன வியாபாரிகளுக்கு விளம்பரம் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தமிழிலும் எழுதுவேன், தெலுங்கிலும் எழுதுவேன். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. ஆனாலும் கடைக்கு வரும் சனம் இரண்டு பக்கமும் கலந்த சனம்தான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

மரச்செக்கு எண்ணெய் என்று முகநூலில் தேடிப் பாருங்கள். கலப்படமற்றது, பாரம்பரியமானது, 100 சதவீதம் இயற்கையானது. எல்லார் போஸ்டரிலும் இவைதான் இருக்கும். ஒருவர் போஸ்டரில் இன்னொருவர் கடைப் பெயரைப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. எழுதியவர் செக்கைப் பார்க்கவே இல்லை என்பதுதான் காரணம். போனிலேயே விவரம் கேட்டு, போனிலேயே டிசைன் அனுப்பி, போனிலேயே காசு வாங்கிவிடுகிறோம்.

நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க விளம்பரக்காரர் கிளாட் ஹாப்கின்ஸ் இதற்கு நேர்மாறான ஆள். ஷ்லிட்ஸ் என்ற பீர் கம்பெனிக்கு எழுத வேண்டி வந்தது. அன்றைக்கு எல்லாப் பீர் கம்பெனியும் 'சுத்தமானது' என்று பெரிய எழுத்தில் கத்திக்கொண்டிருந்தன. இவர் மில்வாக்கி நகரில் இருந்த ஆலைக்கே போய்ச் சுற்றிப் பார்த்தார். வடிகட்டிய காற்று நிறைந்த கண்ணாடி அறைக்குள் பீர் சொட்டுச் சொட்டாகக் குளிர்வதைப் பார்த்தார். பாட்டில்களை இயந்திரத்தில் நான்கு தடவை கழுவினார்கள். ஏரிக்கரையிலேயே ஆலை இருந்தும், 4,000 அடி ஆழக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, எல்லா ஆலையிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று பதில் வந்தது. ஆனால் அதுவரை யாரும் சொன்னதில்லையே! ஹாப்கின்ஸ் அதையே விளம்பரமாக எழுதினார். ஐந்தாம் இடத்தில் இருந்த ஷ்லிட்ஸ் சில மாதங்களில் முதலிடத்துக்குப் போட்டி போட்டது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

புத்தூர்ப் பக்கம் ஒரு செக்கு வைத்திருக்கும் அண்ணனிடம் இதே பதிலை நானும் கேட்டேன். அவர் இடத்தில் கடலையை முதலில் களத்தில் காயப்போடுகிறார்கள். அப்புறம் இரண்டு அக்காமார் முறத்தோடு உட்கார்ந்து சொத்தை, சுருங்கல், கறுத்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுகிறார்கள். சந்தேகம் வந்தால் மோந்து பார்க்கிறார்கள். ஒரு கைப்பிடி கெட்ட கடலை போதும், மொத்த எண்ணெயும் காறிவிடும். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சும் உண்டாகும், அதனால் இது ருசியோடு முடிகிற விஷயம் அல்ல. ஆட்டி எடுத்த எண்ணெயை அகலப் பாத்திரத்தில் ஊற்றி, வேட்டித் துணியால் வாய் கட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் தெளிய வைக்கிறார்கள். மண்டி அடியில் தங்கியதும் மேலே நிற்பதை மட்டும் வடித்தெடுக்கிறார்கள்.

"இதையெல்லாம் ஏன்ணா யார்கிட்டயும் சொல்றதில்ல?"

"இதுல சொல்ல என்னப்பா இருக்கு? ஒழுங்கா செக்கு ஓட்டுறவன் எல்லாம் செய்யறதுதானே."

அந்த இரண்டு அக்காமார் கையும் முறமும்தான் நான் எடுத்த முதல் படம். அதன் கீழே ஒரு கணக்கையும் போட்டேன். 1 லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய 2.5 கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். இன்றைய பருப்பு விலையோடு 2.5-ஐப் பெருக்கிப் பாருங்கள். அதற்கும் கீழே ஒருவர் எண்ணெய் விற்றால், எப்படிக் கட்டுப்படியாகிறது என்று அவரையே கேளுங்கள். புண்ணாக்கு விற்று வருவது கூலிக்கும் கரண்டுக்கும் சரியாகப் போய்விடும். விலை ஏன் ஜாஸ்தி என்று பேரம் பேசியவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு வேறு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

ஹாப்கின்ஸிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. விளம்பரத்தில் வெட்டி அனுப்பும் கூப்பன் வைப்பார், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் இருக்கும். எந்தப் பத்திரிகையில் வந்த எந்தத் தலைப்புக்கு எத்தனை கூப்பன் திரும்பி வந்தது என்று எண்ணித்தான் அடுத்ததை எழுதுவார். நாம் லைக்கை எண்ணிவிட்டு, காசு கட்டிப் போஸ்டைப் பரப்பும் பூஸ்ட் பட்டனை அமுக்குகிறோம். தமிழ் நோட்டீசுக்கு ஒரு வாட்ஸ்அப் எண், தெலுங்கு நோட்டீசுக்கு வேறு எண் போடுங்கள். எது வேலை செய்கிறது என்று வந்த போன்களே சொல்லிவிடும். பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.

அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். அமிர்தாஞ்சனத்தை ஆரம்பித்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்துக்காரர். 1893-இல் பம்பாயில் தொடங்கினார். கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் கூட்டம், தடவிய உடனே குளிர்ச்சி தெரியும் தைலம். இடத்தையும் ஆளையும் எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார்! அப்புறம் 'ஆந்திர பத்திரிகை' என்ற தெலுங்கு ஏட்டை நடத்தியதும் இவர்தான். 1937-இல் கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் செய்துகொண்ட ஸ்ரீபாக் ஒப்பந்தம் கையெழுத்தானது சென்னையில் இவர் வீட்டில்தான். எல்லைக்காரர்களான நாம் இரண்டு விதத்திலும் நினைத்துப் பார்க்க வேண்டிய மனிதர்.

முன்னோடிகள் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் வைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை. லிக்குவோசோன் என்ற மருந்தை விற்றவர்களில் இதே ஹாப்கின்ஸும் உண்டு. பெரும்பகுதி தண்ணீரும் கொஞ்சம் அமிலமும் கலந்த அதை, சகல நோய்க்கும் மருந்து என்று எழுதி விற்றார்கள். சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற பத்திரிகையாளர் 1905-இல் இந்த மாதிரி மருந்துகளின் வண்டவாளத்தை எழுதினார். 1906-இல் அமெரிக்காவில் உணவு, மருந்துச் சட்டமே வந்தது. எழுத்துத் திறமை இருந்தால் பொய்யும் நன்றாக விற்கும். நோயாளிகள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள்.

இன்றைக்கு நம் பக்கத்தில் நடப்பதும் இதுதான். சர்க்கரை குணமாகும், மாரடைப்பு வராது என்று எண்ணெய்க்கு எழுதித் தரச் சொல்கிறார்கள். நான் எழுதுவதில்லை. சர்க்கரையைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்து மாயமருந்துத் தடைச் சட்டமே தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எழுத மாட்டேன். அந்த வரியை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர் நம் தெருக்காரராகத்தான் இருப்பார்.

நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்கிறார்கள். டேவிட் ஓகில்வி என்ற பெரிய விளம்பரக்காரர் 1958-இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய விளம்பரத்தில் பக்கம் நிறைய எழுத்துத்தான். அதற்காக மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றியே படித்தார். இளம் வயதில் ஸ்காட்லாந்தில் வீடு வீடாகப் போய் அடுப்பு விற்றவர் அவர். காசு கொடுக்கப் போகிறவருக்கு எத்தனை சந்தேகம் வரும் என்பது கதவைத் தட்டியவருக்குத் தெரியும்.

செக்கு அண்ணனுக்கு வரும் போன்களை இப்போது நான் பக்கத்தில் இருந்து கேட்கிறேன். பாட்டில் அடியில் ஏதோ படிந்திருக்கிறதே, கெட்டுப்போச்சா என்று திருத்தணியிலிருந்தும் கேட்கிறார்கள், நகரியிலிருந்தும் கேட்கிறார்கள். அடுத்த லேபிளில் அதற்குத்தான் பதில் போகிறது. அது கடலை மண்டி, கெடுதல் இல்லை, குலுக்காமல் மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள், காறல் வாசனை வந்தால் மட்டும் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், காசு தருகிறோம். திருப்பித் தருவதற்கு அண்ணன் சம்மதித்துவிட்டார்.