நூறு நாள் வேலைக்காகத்தான் நிற்கிறார்கள், அதனால் என்ன?

நேற்றைய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்காதீர்கள்" என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்ற அந்த அம்மாக்களின் வீடியோவுக்குக் கீழே வந்த கமெண்ட் எல்லாம் ஒரே ரகம்: "நூறு நாள் வேலை போயிடுமேன்னு கத்துறாங்க. ஊர் முன்னேற வேண்டாமா?"

ஆமாம், அதற்காகத்தான் கத்துகிறார்கள். அதில் என்ன கேவலம்? அந்த வேலைக்கான சட்டம் கிராமப்புறத்துக்கு மட்டும்தான். மாநகராட்சி ஆனால் கிடையாது. "நகர்ப்புற வேலைத் திட்டம் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்று அதற்குச் சட்டம் இருக்கிறதா?

தமிழ்நாட்டில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளைச் சேர்க்கப்போவதாக 2025 பிறக்கும்போதே அறிவிப்பு வந்தது. ஊர் வளர்ந்துவிட்டதாம், அதனால் எல்லையும் நகர்கிறதாம். நான் நம்பவில்லை. பணம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் எல்லை நகர்கிறது. 2022-இல் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியபோது அரசு யாரைக் கை காட்டியது? மத்திய அரசின் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் 15-வது நிதி ஆணையத்தை. குறைந்தபட்ச வரி விகிதத்தை அறிவித்து, வருஷா வருஷம் வசூலையும் கூட்டினால்தான் நகரங்களுக்கு மானியம் என்றது அது. வசூலைக் கூட்டப் புது மனையும் புது வீடும் எங்கே இருக்கின்றன? பக்கத்து ஊராட்சியில். அப்புறம் எல்லை எந்தப் பக்கம் நகரும்?

எங்கள் சித்தி ஊரைச் சில வருஷங்களுக்கு முன் பக்கத்து நகரத்தோடு சேர்த்தார்கள். முன்பெல்லாம் தெருவிளக்கு எரியவில்லை என்றால் சித்தி நேராகப் போய்த் தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். இப்போது ஆப்பில் புகார் செய்யவேண்டும். புகார் எண் உடனே வருகிறது, விளக்குதான் வரவில்லை. பாதாளச் சாக்கடையும் வரவில்லை. வரி நோட்டீஸ் மட்டும் தவறாமல் வந்துவிட்டது.

"கிராமத்து வரியைக் கட்டிவிட்டு நகரத்து ரோட்டையும் ஆஸ்பத்திரியையும் அனுபவிக்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் கோவையின் குப்பை பக்கத்து ஊரான வெள்ளலூருக்குப் போனபோது இந்தக் கணக்கை ஏன் யாரும் பார்க்கவில்லை? குப்பை போகும்போது எல்லை தெரியவில்லை. வரி வாங்கும்போது மட்டும் தெரிகிறது. மானியம் எதற்கு வருகிறதோ அதுதான் திட்டம், திட்டம் எங்கே போகிறதோ அதுவரை நகரம். இதில் அந்த அம்மாக்களின் கூலி யார் கணக்கிலும் இல்லை. அவர்கள் வாய் திறந்து கேட்டால் சோம்பேறிகள்! அந்த வெயிலில் ஒரு மணி நேரம் ஏரி மண்ணை வெட்டியவர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

என்னை 'வளர்ச்சிக்கு எதிரி' என்று எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதலாம். கூடவே, உங்கள் தெரு நகரத்தில் சேர்ந்து எத்தனை வருஷம் கழித்துப் பாதாளச் சாக்கடை வந்தது என்பதையும் எழுதுங்கள்.